442 வருஷத் தவணை: இழப்பீடு பிறந்த கதை

பினாங்கு லிட்டில் இந்தியாவின் ஓரமாகப் போகும் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்குக்குப் பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். அதைத் தொட்டுக்கொண்டு போவது சூலியா ஸ்ட்ரீட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இரண்டு தெருக்களிலும் காவல் நிலையம் எழுந்தது, கலவரக்காரர்கள் கட்டிய அபராதப் பணத்தில்.

1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்டன. ஒன்றுக்கு வெள்ளைக்கொடி, மற்றதற்குச் சிவப்புக்கொடி என்று மலாய், இந்திய முஸ்லிம்களின் சங்கங்களும் பக்கம் சேர்ந்தன. சுமார் பத்து நாள் ஜார்ஜ் டவுன் அல்லோலகல்லோலப்பட்டது. எல்லாம் அடங்கிய பிறகு நான்கு சங்கங்களுக்கும் தலா 5,000 வெள்ளி அபராதம். அதில் ஒரு பங்கை எடுத்துத்தான் பிட் ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட், பத்தானி ரோடு, பினாங்கு ரோடு ஆகிய நான்கு இடங்களில் காவல் நிலையம் கட்டினார்கள். இனி ஒரு கலவரம் வரக்கூடாது என்ற யோசனை. அதைத் தப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் அபராதம் என்பதன் கணக்கு அப்படித்தான்: குற்றம் அரசுக்கு எதிரானது, ஆகவே காசும் அரசுக்கு. வெட்டுக்காயம் யார் உடம்பில் இருக்கிறது என்ற கேள்வி அந்தக் கணக்கில் வராது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று கையைக் கழுவிக்கொள்ளவும் முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளில், வேட்டையில் குறி தவறி மனிதனைக் கொன்றவனுக்கு விதித்தது கோயிலில் நந்தா விளக்கு எரிக்கும் கடமை. விளக்குக்கு நெய் கொடுக்க 96 ஆடுகள். அவை ‘சாவா மூவாப் பேராடுகள்’. செத்தாலும் கிழடானாலும் வேறு ஆடு விட்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கு இத்தனை ஏற்பாடு செய்தவர்கள், செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிக் கல்லில் பெரும்பாலும் ஒன்றும் வெட்டி வைக்கவில்லை. ஊருக்காகப் போராடி மாண்டவன் வீட்டாருக்கு ‘உதிரப்பட்டி’ என்று நிலம் விட்டதுண்டு. அது வீரனுக்கு. வழியில் போனவனுக்கு அல்ல.

பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டம் இந்த விஷயத்தில் அசத்துகிறது. கொள்ளைக்காரன் பிடிபடாவிட்டால், பறிகொடுத்தவனுக்கு ஊரும் அதன் தலைவனும் ஈடு தர வேண்டும். உயிர் போயிருந்தால் குடும்பத்துக்கு ஒரு மினா வெள்ளி. கிட்டத்தட்ட 3,700 ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்தாயிற்று. பிறகு உலகம் அதை மறந்துபோனது.

மறுபடி நினைவூட்டியவர் மார்ஜரி ஃபிரை. சிறைச் சீர்திருத்தத்துக்காகவே வாழ்ந்த ஆங்கிலேயப் பெண்மணி. கைதிகளுக்காக வாதாடியவர்தான் கடைசியில் கைதிகளால் அடிபட்டவர்களுக்காகவும் எழுதினார். 1957இல் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் அவர் சொன்ன வழக்கு இது. 1951இல் ஒருவர் தாக்கப்பட்டுக் கண்பார்வை இழந்தார். அவருக்கு 11,500 பவுண்டு இழப்பீடு என்று தீர்ப்பு. சிறையிலிருந்து வெளியே வந்த இரண்டு குற்றவாளிகளும் வாரத்துக்கு ஆளுக்கு 5 ஷில்லிங் கட்ட வேண்டும். இரண்டு பேருமாக வாரத்துக்கு அரை பவுண்டு, வருஷத்துக்கு 26. கடைசித் தவணையை வாங்க அந்த மனிதர் இன்னும் 442 வருஷம் உயிரோடு இருக்க வேண்டும்!

வேலையில் அடிபட்டால் காப்புறுதி உண்டு, தெருவில் அடிபட்டால் ஏன் இல்லை என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே இறந்துவிட்டார். 1963இல் நியூசிலாந்து சட்டம் இயற்றியது; 1964 ஜனவரி 1 முதல் அரசே பணம் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டன். ஐநா பொதுச்சபைப் பிரகடனம் வர 1985 ஆயிற்று.

தமிழர்கள் பக்கம் இந்த யோசனை முதலில் எட்டியது சென்னையில். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய படிப்புக்கென்று 1992இல் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையை ஒட்டி ஒரு இந்தியக் கழகம் தொடங்கினார்கள். 1995இல் தமிழக அரசு உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தியது; இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். நாடு முழுவதற்கும் சட்டமாக, இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357அ பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பர் 31 அன்று. இப்போது அது புதிய சட்டத்தில் 396ஆம் பிரிவு. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்ன உட்பிரிவு: குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுப் போடலாம். ஹமுராபி திரும்பி வந்துவிட்டார்.

பினாங்கில் நிலைமை வேறு. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426ஆம் பிரிவு குற்றவாளியின் சட்டைப்பையைத்தான் பார்க்கிறது. குற்றம் நிரூபணமான பிறகு, அரசுத் தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், குற்றவாளி இழப்பீடு கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடும். காயம், ஆஸ்பத்திரிச் செலவு, போன சம்பளம் எல்லாம் கணக்கில் வரும். கட்டுவதற்கு அவனுக்கு வக்கிருக்கிறதா என்பதும் வரும். ஃபிரை சொன்ன தவணைக் கதை இங்கேதான் தலைகாட்டுகிறது. தொகை போதாவிட்டால் மீதிக்குத் தனியாக சிவில் வழக்குப் போடத் தடையில்லை. விண்ணப்பம் அரசுத் தரப்பு கையில் இருப்பதால், அடிபட்டவர் தீர்ப்பு நாள்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விசாரணை அதிகாரியிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டு வைப்பது நல்லது. ஆஸ்பத்திரி ரசீது, மருந்துக்கடை ரசீது, சம்பளம் பிடித்ததற்கு முதலாளியின் கடிதம், எதையும் எறிந்துவிடக் கூடாது.

லெபோ பசாரில் நகை வாங்கிக்கொண்டு வரும் பெண்மணியைத் தள்ளிவிட்டு, மோட்டாரில் வந்தவன் பையைப் பறித்துக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்வோம். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிவு. ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை, ஆளும் சிக்கவில்லை. 426ஆம் பிரிவில் அந்த அம்மாவுக்கு இடமில்லை, ஏனென்றால் உத்தரவு போட எதிரே ஒரு குற்றவாளி நிற்க வேண்டும்.