செத்தவன் சிட்டை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, எங்க கிளஸ்டர்ல ஒரு பொட்டி ஹேங் ஆயிடுச்சு. மத்ததெல்லாம் அப்படியே காத்துக்கிட்டு நிக்குது. டேமேஜர் போன்ல கத்த, "அது செத்தாச்சு"ன்னு போய்ப் பாக்காமலே டைப் பண்ணி உறுதி கொடுத்துட்டேன்.

அந்தக் காத்திருப்பு எதுக்குன்னு வரலாறு படிச்சப்புறம்தான் புரிஞ்சது. 1990-களின் நடுவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஓ'கீஃப் குழு உருவாக்கியது ஜி.எஃப்.எஸ். ஒரே வட்டைப் பல கணினிகள் நேரடியாகப் பகிரும் கோப்பு முறைமை. அதன் லினக்ஸ் பதிப்பில் ஜர்னல் சேர்த்த விதத்தை 2000-ல் கட்டுரையாக எழுதினார்கள்.

ஒவ்வொரு கணினிக்கும் தனி ஜர்னல், மளிகைக்கடைச் சிட்டை மாதிரி. மாற்றத்தை முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் உரிய இடத்தில் பதியும். ஒன்று விழுந்தால் இன்னொன்று அந்தச் சிட்டையை எடுத்து, விட்ட கணக்கை முடிக்கும். ஆனா அதுக்கு முன்னாடி, விழுந்ததை வட்டிலிருந்து துண்டிக்கணும், இல்லைன்னா அதன் கரண்டை நிறுத்தணும். இதான் ஃபென்ஸிங்.

2001-ல் சிஸ்டினா நிறுவனம் மூலநிரலைப் பூட்டியது. 2003-ல் ரெட் ஹாட் அந்நிறுவனத்தை வாங்கி, 2004-ல் நிரலை ஜிபிஎல்லில் திறந்துவிட்டது. 2006-ல் ஜி.எஃப்.எஸ்.2 லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. இத்தனை கை மாறியும் இந்த விதி மட்டும் மாறலை.

என் பொட்டி சாகலை. இன்னொன்னு அதோட கணக்கை முடிச்சப்புறம் முழிச்சு, பழைய நினைப்புல எழுதிடுச்சு. விடிய விடிய பேக்கப் எடுத்துப் போட்டும் ஒரு நாள் டேட்டா போனது போனதுதான்.

சிட்டையைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு எட்டு போய் மூச்சு இருக்கான்னு பாத்துடுங்க சாமி!