குதிரும் தாது வருடப் பஞ்சமும்: வீட்டுச் சேமிப்பின் எல்லைகள்

பஞ்சகாலத்தை எதிர்நோக்கித் தானியத்தை வீட்டில் சேர்த்துவைக்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. ஏணிக்கும் எட்டாத உயரமுடைய, உச்சியைத் திறந்து தானியம் நிரப்பப்பட்ட கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பிற்காலக் குதிர், மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசப்பட்டது. மேல்வாயில் கொட்டிய தானியம் அடியிலுள்ள துளை வழியே எடுக்கப்பட்டதால், பழையதே முதலில் செலவாயிற்று. விதைநெல் இதனோடு கலவாமல் வைக்கோல் புரியால் கட்டிய கோட்டையில் தனியே காக்கப்பட்டது. உண்ணும் தானியத்தையும் விதைக்கும் தானியத்தையும் பிரித்துவைத்த இம்முறை, ஓராண்டு மழை பொய்த்தாலும் மறு ஆண்டு உழவைக் கைவிடாதிருக்கச் செய்த ஏற்பாடாகும்.

இத்தகைய சேமிப்பைத் தமிழ்ச் சமூகம் முழுவதற்கும் பொதுவான தற்சார்பு எனப் போற்றும் போக்கு இன்று காணப்படுகிறது. அது மறுபரிசீலனைக்குரியது. குதிர் நிரம்புவதற்கு முதலில் நிலம் வேண்டும். மரக்கால் கணக்கில் கூலி பெற்ற பண்ணையாளின் குடிசையில் மறுநாளைக்கு எஞ்சியது சிறிதே. நிலமுடைய சிறுகுடியானவர் நிலையும் பாதுகாப்பானதன்று. ரயத்துவாரி முறையில் கிஸ்தியைப் பணமாகச் செலுத்த வேண்டியிருந்தமையால், அறுவடை முடிந்த கையோடு விளைச்சலில் ஒரு பகுதியை விற்கும் கட்டாயம் அவருக்கு இருந்தது. வெறும் அறியாமையாலோ ஊதாரித்தனத்தாலோ குதிர்கள் காலியாகவில்லை.

நீரின் நிலை வேறு. தானியம் ஆண்டுக்கணக்கில் வீட்டில் கிடக்கும். குடத்திலும் அண்டாவிலும் நிரப்பிய நீர் சில நாள்களுக்கே போதும். ஆதலால் நீர்ச்சேமிப்பு ஏரி, ஊருணி, கிணறு ஆகிய பொது அமைப்புகளையே சார்ந்திருந்தது. அங்கும் எவர் எந்தத் துறையில் இறங்கலாம் என்பதைச் சாதி வரையறுத்தது.

1876இல் பருவமழை பொய்த்தபோது இவ்வேறுபாடுகள் வெளிப்பட்டன. தானிய விலை ஏறியது. கையிருப்பற்ற கூலிகள் நிவாரணப் பணியிடங்களை நாடினர். 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியத்தின் விலையும் ஓரணாவும் மட்டுமே. உடலுழைப்புக்கு இவ்வளவு போதாதெனச் சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். உணவின் அளவு பவுண்டிலும் அவுன்சிலும் விவாதிக்கப்பட்ட அவ்வாவணங்கள், ஒரு மனிதன் உயிர்வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவை என்னும் கேள்வியை அரசின் கணக்காக மாற்றின. குதிர் வைத்திருந்தவருக்கு அக்கேள்வியைத் தம் வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள ஓரளவேனும் இடமிருந்தது.

1877இன் பிற்பகுதியில் மழை திரும்பியபின் இலண்டன் மான்சன் ஹவுஸ் நிதியிலிருந்து விதைத் தானியத்துக்கும் உழவுமாட்டுக்கும் உதவி வழங்கப்பட்டது. உண்ணும் தானியம் மட்டுமன்றி விதைக்கோட்டையும் பலரிடம் எஞ்சவில்லை என்பதற்கு இவ்வுதவியே சான்று. ஆயினும் விதையைப் பெற்றுக்கொள்ள விதைப்பதற்கு நிலம் இருக்கவேண்டும். பண்ணையாளுக்கு அதுவும் இல்லை.