காலுக்குத் தெரிந்த பிரேக்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு பிரேக் என்றால் 'ஃப்ரேன்'. தாம்பரத்துக்குக் குடிவந்த பிறகுதான் நம் பக்கத்துக்கும் கார்களுக்கும் உள்ள உறவு தெரிந்தது. 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரானது. மறு வருடமே பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது.

அன்றைய அம்பாசடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஆயில் போக ஒரே வழி. ஒரு குழாய் உடைந்தால் நான்கும் போச்சு, ஹேண்ட் பிரேக்தான் கதி. அதனால் டிரைவர்கள் காலாலேயே கோளாறைக் கண்டுபிடித்தார்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்தபடியே மெல்ல இறங்கினால் ஆயில் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. இரும்பு உரசும் சத்தம் கேட்டால் லைனிங் தீர்ந்துவிட்டது.

பிறகு முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது. ஆயில் வழியும் இரண்டானது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணம் மாறவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: தேங்கிய நீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்துங்கள்.

ஆயில் குறைந்தால் மெக்கானிக் ஊற்றி அனுப்புவதோடு திருப்தி அடையாதீர்கள். ஏன் குறைந்தது என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறுங்கள்.