கம்பியில் குத்தியிருந்த இலங்கைக் கடுதாசி

பழைய கடுதாசி கையில கிடைச்சா மொதல்ல பாக்க வேண்டியது தேதி. எங்க வீட்டுக் கடுதாசிக் கம்பியில, கந்தாய ரசீதுகளுக்கு நடுவுல குத்தியிருந்த ஒரு கார்டுல பிள்ளையார் சுழிக்குக் கீழே 'கர வருஷம் வைகாசி மாதம்'னு மட்டும் இருக்கு. தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப வரும். கர வருஷம்னா 1891, 1951, 2011 எதுவா வேணா இருக்கலாம். முத்திரை மசி கலைஞ்சு போச்சு, 'ஹட்டன்'ங்கிற ஊர்ப்பேர் மட்டும் தெரியுது. இலங்கை மலைநாட்டுத் தேயிலை ஊர். எழுதினது என் தாத்தாவோட தம்பிங்கறதால 1951தான்.

அவருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல வேற யாரோ எழுதியிருக்காங்க. 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வச்ச பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின்னாடி படிச்ச பிள்ளைகள் தடுமாறுவாங்க. கம்பி குத்தின ஓட்டையில தோட்டத்தோட பேர் போயிடுச்சு.

எங்க குடும்பத்துல அவரைப் பத்தி இருந்தது ஒரே கதைதான்: "தேயிலைக் காட்டுக்குப் போனவன் பெத்த தாய் சாவுக்குக்கூட வரலை." கார்டுல இருக்கிறது வேற. பெண்டாட்டி பிள்ளைகள் க்ஷேமம், பிரஜா உரிமைக்கு மனு போட்டிருக்கு, முடிவு தெரியாமல் வருவதற்கில்லை, ஆத்தாளுக்குப் பக்குவமாகச் சொல்லவும், பூமியை அண்ணனே பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான்.

அந்த 'பிரஜா உரிமை'தான் சாவி. 1948ல இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால, தோட்டத் தொழிலாளிகள்ல பெரும்பாலானவங்க எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாம ஆனாங்க. 1949ல வந்த இன்னொரு சட்டம் மனு போட வழி விட்டுச்சு. கல்யாணமானவங்க 1946 ஜனவரி 1க்கு முந்தி 7 வருஷம், ஆகாதவங்க 10 வருஷம் அங்கேயே குடியிருந்ததா நிரூபிக்கணும். கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. கார்டு வந்தது அதுக்கு ரெண்டு மூணு மாசம் முந்தி.

இந்தக் கணக்கை வச்சே அவர் எப்போ போனார்னு சொல்லலாம். மனு போடற தகுதி இருந்திருந்தா 1939 தொடக்கத்திலயே அங்கே இருந்திருக்கணும். அந்த வருஷம் ஆகஸ்ட்ல தொழிலாளிகள் இலங்கைக்குப் போறதையே இந்திய அரசு தடை பண்ணிடுச்சு. ஆக, அதுக்கு முந்தி மண்டபம் முகாம்ல தங்கி, தனுஷ்கோடியில கப்பலேறித் தலைமன்னார்ல இறங்கின கூட்டத்துல அவரும் ஒருத்தர்.

கொள்ளுப்பாட்டி செத்தது அதே வருஷம் ஐப்பசியில. மனு நிலுவையில இருக்கிற நேரம். தோட்டத்தை விட்டு வந்தா திரும்ப உள்ளே விடுவாங்களான்னு நிச்சயமில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை அங்கே விட்டுட்டு எப்படி வருவார்? இத்தனைக்கும் மனு போட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இல்லைன்னுதான் பதில் வந்துச்சு. 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பங்கு பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. எங்க வீட்டுல வரப்புத் தகராறுக்கே வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை நடக்கும். அங்கே மனுஷங்களையே எண்ணிப் பிரிச்சிருக்காங்க.

போன தையில பங்காளிகள் நிலத்தைப் பாகம் பிரிக்க உக்காந்தப்ப, "வராதவருக்கு ஏது பங்கு?"ன்னு பேச்சு எழுந்துச்சு. கார்டை வாசிச்சுக் காட்டினேன். எங்க பெரியப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "அவர் பேர் பட்டாவுல இருக்கட்டும்டா"ன்னார். அவர் பாகத்தைப் பிரிக்காமப் பொதுவுல விட்டிருக்கோம்.

சாவுச் சேதி வந்த கடுதாசியைப் படிச்ச உடனே கிழிச்சுப் போடறது நம்ம பக்கத்து வழக்கம். அதனால கம்பியில மிஞ்சறது எல்லாம் உசிரோட இருந்தவங்க எழுதினதுதான். ஊர்ல உங்க வீட்டுலயும் அப்படி ஒரு கம்பி தொங்கலாம். போகிக்கு எரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா உருவி, வருஷத்தையும் முத்திரையையும் ஒருதரம் பாத்துடுங்க.