அந்தக் கல்லில் எழுவாய் இல்லை

ஹிரோஷிமா அமைதிப் பூங்காவின் படங்களைப் பார்த்தால், நகரத்துக்கு நடுவில் இவ்வளவு காலி இடமா என்று தோன்றும். அது காலி இடமாக இருந்ததே இல்லை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே, கடைகளும் கோயில்களும் வீடுகளும் நெருக்கியடித்துக் கிடந்த நகாஜிமா என்ற பேட்டை அது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. குண்டுக்குக் குறி பக்கத்திலிருந்த ஐயோய் பாலம். பேட்டை மொத்தமும் போய்விட்டது. அந்தச் சாம்பல் மேல் மண் கொட்டித்தான் பூங்கா எழுந்தது. தோண்டியெடுத்த பழைய தெருவின் ஒரு துண்டை 2022 முதல் அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

பூங்காவை வடிவமைத்தவர் கென்சோ டாங்கே. அருங்காட்சியகத்தின் அடியில் நின்று பார்த்தால், நினைவு வளைவும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எலும்புக்கூடாய் நிற்கும் குவிமாடமும் ஒரே நேர்கோட்டில் வரும். அந்தக் குவிமாடத்தை இடித்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. 1966-ல்தான் மாநகர மன்றம் காப்பாற்ற முடிவெடுத்தது. 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

நேர்கோட்டின் நடுவில், வளைவுக்குக் கீழே 1952-ல் வைத்த கல். இறந்தவர்களை நிம்மதியாக உறங்கச் சொல்லி, தவறைத் திரும்பச் செய்யப்போவதில்லை என்கிறது. யார் செய்யப்போவதில்லை? ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் கிடையாது. ‘செய்யப்போவதில்லை’ என்று தமிழிலும் ஆளைச் சொல்லாமல் தப்பிக்கலாம், பாருங்கள்.

அதே வருடம் அங்கே வந்த நம்ம ஊர் நீதிபதி ராதாபினோத் பால் கொதித்துப்போனார். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் அவர். குண்டு போட்டது ஜப்பானியர்கள் இல்லையே, அவர்கள் ஏன் மன்னிப்பு கேட்கணும் என்பது அவர் கேள்வி. வாசகத்தை எழுதிய பேராசிரியர் சைகா தடாயோஷி, தானும் குண்டுவீச்சில் தப்பியவர். இது மனிதகுலம் முழுக்கச் சொல்லும் வாக்கு என்று பதில் சொன்னார். அதாவது, பால் படித்தது ‘நாங்கள்’. சைகா எழுதியது ‘நாம்’.

சரி, அந்த ‘நாம்’ யார் யார்?

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. பிழைக்க வந்தவர்களும் வேலைக்குக் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களுமாக ஆயிரக்கணக்கான கொரியர்கள் அன்று ஹிரோஷிமாவில் செத்தார்கள். அவர்களுக்கான கல் 1970-ல் வந்தது. ஆமை முதுகில் நிற்கும் கொரிய பாணித் தூண். ஆனால் நின்றது பூங்காவுக்கு வெளியே, ஆற்றுக்கு அக்கரையில். கொரிய அரச குடும்பத்து யி உ, குண்டு விழுந்த அன்று அந்தப் பக்கம்தான் கண்டெடுக்கப்பட்டார் என்பது இடத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். செத்தபிறகும் பாகுபாடா என்று கேட்டவர்கள் அதை ஏற்கவில்லை. பூங்காவுக்குள் புதிய நினைவுச்சின்னங்கள் வேண்டாம் என்பது மாநகராட்சியின் நிலைப்பாடு. கல் ஆற்றைத் தாண்டி உள்ளே வர 1999 ஆனது. இருபத்தொன்பது வருடம்!

2023 மே மாதம் ஜப்பானியப் பிரதமரும் தென்கொரிய அதிபரும் முதல்முறையாகச் சேர்ந்து அந்தத் தூணுக்கு முன்னால் தலைகுனிந்தார்கள்.

ஹிரோஷிமா போனால் வளைவு வழியே குவிமாடத்தைப் படமெடுக்காமல் யாரும் திரும்ப மாட்டோம். எடுங்கள். அப்படியே அந்த ஆமையையும் தேடிப் போய்ப் பாருங்கள். டாங்கேயின் நேர்கோட்டில் அது வராது.