மைக்கூடும் டிராக்டர் தண்டும்

திருவையாற்று வயல்களில் நடவுக்கு முன் சேற்றுழவு செய்யும் டிராக்டருக்கும் அதன் சுழற்கலப்பைக்கும் இடையே ஓர் இரும்புத் தண்டு சுழல்கிறது. அதன் இரு முனை இணைப்புகளிலும் கூட்டல் குறி வடிவில் ஒரு துண்டு உண்டு. பட்டறையில் அதனைக் ‘கிராஸ்’ என்பர். சேற்றுநீர் புகுந்து கிரீஸ் வற்றினால் கிராஸ் தேய்ந்து தண்டு அதிரும், மாற்றியாக வேண்டும்.

ஐரோப்பிய மொழிகள் சில இவ்விணைப்பை இத்தாலிய அறிஞர் கார்டானோவின் (1501–1576) பெயரால் வழங்குகின்றன. அப்பெருமை அவருக்கு முழுதும் உரியதன்று. குறுக்கிடும் அச்சுகள் என்னும் அடிப்படை மிகப் பழையது. வளையத்துள் வளையமாகத் தொங்கி, எப்பக்கம் திருப்பினும் மை சிந்தாத எண்கோண மைக்கூடு ஒன்றைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கரான பிலோவின் நூல் விவரிக்கிறது. அப்பகுதி எஞ்சியிருப்பது அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே. அதனாலேயே அது பிற்காலச் செருகல் எனச் சிலர் ஐயுற்றனர். நம்மவருள் சிலரோ, இத்தகைய இடங்களில் ‘கண்டறிந்தவர் முஸ்லிமே’ என முடிவுகட்ட விரைவர். இரண்டுக்கும் போதிய சான்றில்லை. மொழிபெயர்த்துக் காத்த பெருமையே நமக்குப் போதுமானது.

மைக்கூட்டைத் தாங்குவது வேறு. சுழற்சியைக் கடத்துவது வேறு. பின்னதை 1670களில் ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக் வானியல் கருவிகளுக்காக ஆராய்ந்தார். தண்டு சாய்ந்து சுழல்கையில், ஓர் இணைப்பைக் கடந்த வேகம் ஒரு சுற்றில் இருமுறை கூடிக் குறையும். இரண்டாம் இணைப்பு அதற்கு இசைவாக அமைந்தால் அவ்வேறுபாடு நீங்கும். ஆகவேதான் தண்டின் இரு பகுதிகளையும் பிரிக்குமுன் மெக்கானிக் உளியால் குறியிட்டுக்கொள்கிறார். மீண்டும் பூட்டுகையில் குறி தவறினால், புதிய கிராஸும் விரைவில் தேய்ந்துவிடும்.