சாய்த்துப் பதித்த பொன்: பைசாந்திய மொசைக்கும் இக்கால வடிவமைப்பும்

தமிழ்நாட்டு வீடுகளில் 'மொசைக்' என்னும் சொல், சிமெண்டில் சலவைக்கல் துணுக்குகளைக் கலந்து, தேய்த்து மெருகிட்ட தரையையே குறித்து வந்துள்ளது. அச்சொல் முதலில் குறித்த கலையோ வேறு. கல், கண்ணாடி ஆகியவற்றின் சிறு சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் சமைக்கும் கலை அது. உரோமானியர் அதனைப் பெரும்பாலும் தரைக்குரியதாகக் கொண்டனர். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில் அது சுவரிலும் கவிமாடத்திலும் ஏறித் தன் முழு வளர்ச்சியைக் கண்டது. அப்பேரரசு 1453இல் வீழ்ந்தது; அதன் கைத்திறன் வீழவில்லை. ஆயினும் அத்திறனில் உயிர் எது, புறத்தோற்றம் எது என்னும் வழக்கு 19ஆம் நூற்றாண்டில் எழுந்து, இன்றளவும் கலைஞரிடையே நீடிக்கின்றது.

பழைய முறை பொறுமையைக் கோருவது. சுவரின்மேல் சுண்ணாம்புக் காரை இரண்டு மூன்று பூச்சுகளாக இடப்படும். இறுதிப் பூச்சோ, உலருமுன் பதித்து முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டுமே பூசப்படும். அவ்வீரக் காரைமீது வண்ணத்தால் உருவரை தீட்டி, சில்லுகளைக் கையால் அழுத்திப் பதிப்பர். மரக்கட்டையில் முனை மேல்நோக்க நடப்பட்ட உளியும் ஒரு சுத்தியுமே சில்லு வெட்டும் கருவிகள். பொற்சில்லு செய்வதற்குக் கண்ணாடிமேல் தங்க ரேக்கை இட்டு, அதன்மேல் மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்றை உலையில் இணைப்பர். இரு கண்ணாடிகளுக்கிடையே காப்புற்ற பொன் நூற்றாண்டுகள் கடந்தும் மங்குவதில்லை.

இம்முறையின் நுட்பம் பொன்னில் அன்று, அதைப் பதிக்கும் சாய்வில் அடங்கியிருந்தது. கையால் பதித்த சில்லுகள் ஒரே சமதளத்தில் அமைவதில்லை. ஒவ்வொன்றும் சிறிதளவு வெவ்வேறு கோணத்தில் நிற்கும். உயரத்திலுள்ள பொற்சில்லுகளைக் கீழே நிற்பவரை நோக்கி வேண்டுமென்றே சாய்ப்பதும் உண்டு. அதனால் விளக்கொளி அசையும்போதும், காண்பவர் நடக்கும்போதும், சுவரின் ஒளி இடம் மாறிக்கொண்டே இருக்கும். 547இல் திருநிலைப்படுத்தப்பட்ட ராவென்னா நகரின் சான் வித்தாலே ஆலயத்தில், பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் நிற்கும் படிமங்கள் இன்றும் உயிர்ப்புடன் தோன்றுவது இதனாலேயே.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் பெருங்கட்டடங்களால் நிறைந்தபோது, சுவரருகே சாரத்தில் நின்று பதிப்பதற்குக் காலமும் பொருளும் போதவில்லை. அதற்கு மாற்றாக ஒரு புதுமுறை பரவியது. பட்டறையிலேயே சில்லுகளை முகம் கீழாகத் தாளில் ஒட்டி, தாளைப் பகுதி பகுதியாகக் கட்டடத்துக்குக் கொண்டு சென்று, சாந்தில் அழுத்திய பின் நனைத்து உரித்துவிடுவர். இதனைப் பரப்பியவருள் இத்தாலியரான ஃபக்கீனா முதன்மையானவர். 1875இல் திறக்கப்பட்ட பாரிஸ் ஆப்பெரா மாளிகை அவர்தம் புகழுக்குக் காரணமாயிற்று. வேலை விரைந்தது, செலவு குறைந்தது. ஆனால் சில்லுகள் அனைத்தும் ஒரே தளத்தில் அமைந்தமையால் சுவர் வழவழப்பாயிற்று; ஒளியின் ஆட்டமும் நின்றது.

இவ்விரு முறைகளையும் ஒரே கூரையின்கீழ் ஒப்பிட இலண்டன் செயிண்ட் பால் பேராலயம் இடந்தருகிறது. அங்குக் குவிமாடத்தின் அடியிலுள்ள படிமங்களை 1860களில் தொடங்கி வெனிஸ் நகரத்துச் சால்வியாட்டி நிறுவனம் புதுமுறையில் செய்தளித்தது. 1891இல் பாடகர் பகுதியின் பணியை ஏற்ற வில்லியம் பிளேக் ரிச்மண்டு அம்முறையை ஏற்க மறுத்தார். ராவென்னா படிமங்களை ஆராய்ந்திருந்த அவர், சில்லுகளைச் சுவரிலேயே, ஒழுங்கற்ற கோணங்களில் பதிக்கச் செய்தார். 1904 வரை நீண்ட அப்பணி, விரைவுக்கு எதிரான ஒரு வாதமாகவே விளங்கியது.

கோயிலுக்கு வெளியேயும் இம்மரபு பரவியது. வியன்னா ஓவியர் குஸ்தாவ் க்ளிம்ட் 1903இல் ராவென்னா சென்று மீண்டபின் அவர்தம் ஓவியங்களில் பொன் பெருகியது. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஸ்டோக்லே மாளிகை உணவறைக்கு அவர் வரைந்த படிமங்கள் சலவைக்கல், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றால் பதிக்கப்பெற்றன. 1923இல் திறக்கப்பட்ட ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தின் பொற்கூடத்தை எய்னார் ஃபோர்செத் வடிவமைத்தார். அதற்குரிய 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகளைப் பெர்லின் பட்டறை ஒன்று அணிசெய்தது. இறைவழிபாட்டின் ஒளி, விருந்தின் ஒளியாயிற்று.

மூலத்தை அருகிருந்து அறியும் வாய்ப்பு 1931இல் வந்தது. இஸ்தான்புல் ஹேகியா சோபியாவில் பூச்சுகளுக்கடியில் மறைந்திருந்த படிமங்களை வெளிக்கொணரும் பணியை அமெரிக்கரான தாமஸ் விட்டமோர் அவ்வாண்டு தொடங்கினார். அக்கட்டடம் 1935இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்று, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. சாரத்தின்மேல் நின்று ஆய்ந்தோர், சில்லுகளின் சாய்வு கைப்பிழையன்று, திட்டமிட்ட செயலே என்பதை நெருங்கிக் கண்டனர். பழம்படிமங்களைப் பழுதுபார்த்துப் பயின்ற ராவென்னாக் கைவினைஞரும் அதே அறிவைப் புதுப்பணிக்குப் பயன்படுத்தினர். 1959இல் அந்நகரில் நிகழ்ந்த புதுமொசைக் கண்காட்சிக்காக ஷகால், மாத்யூ, குத்தூசோ முதலியோரின் ஓவியங்களை அவர்கள் சில்லுகளில் வடித்தனர்.

அதே பத்தாண்டில் எதிர்த்திசையிலும் ஒரு வளர்ச்சி நிகழ்ந்தது. 1956இல் இத்தாலியில் தொடங்கிய பிசாசா நிறுவனம், ஏறத்தாழ 2 செ.மீ. அளவுள்ள சதுரக் கண்ணாடிச் சில்லுகளை ஆலையில் ஒருசீராகச் செய்து, தாள்களில் ஒட்டி விற்றது. குளியலறை, நீச்சல்குளம், அங்காடி எங்கும் மொசைக் எளிதில் எட்டலாயிற்று. இதனை வீழ்ச்சி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. 2012இல் திறக்கப்பட்ட நேப்பிள்ஸ் நகரின் தொலேதோ நிலத்தடி நிலையத்தில், ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் துஸ்கெத்ஸ் அத்தகைய ஆலைச் சில்லுகளையே பயன்படுத்தினார். மேலிருந்து பகலொளியை இறக்கும் பெரும்புழை ஒன்று அங்குள்ளது. அதன் வளைந்த சுவரில் நீலச் சில்லுகள் ஒவ்வொன்றும் வேறுவேறு திசையை நோக்குகின்றன. கை செய்த சாய்வை அங்குச் சுவரின் வளைவு செய்கிறது. பைசாந்தியக் கைவினைஞரும் கவிமாடங்களின் வளைவைத் துணைகொண்டவர்களே.

ஆகவே, பொற்பின்னணியையும் பழம்படிமங்களின் கோலத்தையும் படியெடுப்பது மட்டும் இம்மரபைப் பேணுவதாகாது. ஒளி எத்திசையிலிருந்து வரும், காண்பவர் எங்கு நிற்பார் என எண்ணிப் பரப்பை அமைப்பதே அதன் சாரம். அவ்வெண்ணம் தாளில் கற்றுக்கொள்ளத்தக்கதன்று. கை பழகியே வருவது. 1888இல் வெனிஸ் நகரில் தோன்றிய ஒர்சோனி உலையில் பொற்சில்லு வார்க்கும் தொழில் இன்றும் தொடர்கிறது. 1922இல் தொடங்கிய ஸ்பிலிம்பெர்கோ மொசைக் பள்ளியில், கணிப்பொறி கோலம் வரையும் இக்காலத்திலும், மாணவர் சுத்தியும் உளியும் கொண்டு சில்லு வெட்டக் கற்கின்றனர். கோலத்தைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். ஒவ்வொரு சில்லையும் எவ்வளவு சாய்ப்பது என்னும் அறிவு அக்கைகளோடுதான் வாழ்கிறது.